வந்தவர் மறுபடியும் வர வேண்டும்: வட சென்னைக் கால்பந்துக் குழுக்களுக்கான கேள்வி பதில்

வியாசர்பாடி, புளியந்தோப்பு, பெரம்பூர், கொருக்குப்பேட்டை, காசிமேடு, திருவொற்றியூர் என்று வட சென்னையில் கால்பந்துக் குழு நடத்துகிறவர்கள் சந்தித்துக்கொண்டால், பேச்சு இரண்டு இடங்களில் வந்து நிற்கும். ஒன்று பணம், இன்னொன்று கூட்டம். பணத்தைப் பற்றி ஆலோசனை சொல்ல ஊரில் ஆட்களுக்குக் குறைவில்லை. ஆட்டம் பார்க்க வருகிறவர்களைச் சேர்ப்பதும், சேர்ந்தவர்கள் கலைந்துவிடாமல் பார்த்துக்கொள்வதும் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு மட்டும் இங்கே பதில் சொல்லியிருக்கிறேன். சிறு குழுக்களை மனத்தில் வைத்து எழுதியது. பெரிய கழகங்களுக்கும் பல பதில்கள் பொருந்தும், அவர்கள் கேட்டால்தானே.

வட சென்னையில் கால்பந்து பார்க்க ஆளே வருவதில்லை என்கிறார்களே, உண்மையா?

உண்மையில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலை வியாசர்பாடி முல்லை நகர் மைதானத்தில் இரண்டு பகுதி அணிகள் மோதினால் எல்லைக்கோட்டை ஒட்டி நிற்க இடம் கிடைக்காது. சுற்றுச்சுவர் மேலும் ஆள் இருப்பார்கள், பக்கத்து வீட்டு மொட்டை மாடியிலும் இருப்பார்கள். உலகக் கோப்பை நேரத்தில் தெருமுனையில் திரை கட்டி விடியும்வரை பார்க்கும் ஊர் இது. வியாசர்பாடியைக் 'குட்டி பிரேசில்' என்று பத்திரிகைகள் எழுதுவது சும்மா அலங்காரத்துக்கு அல்ல.

இதே ஆட்கள் வேலை நாளில் பிற்பகல் மூன்று மணிக்கு நடக்கும் லீக் ஆட்டத்துக்கு வருவதில்லை. எப்படி வருவார்கள்? ஒருவர் துறைமுகத்தில் இருப்பார், ஒருவர் ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் ஷிப்டில் இருப்பார், இன்னொருவர் ஆட்டோவில் சவாரி ஏற்றிக்கொண்டிருப்பார். அந்த ஆட்டத்துக்கு வருவது வீரர்களின் நண்பர்கள் நாலு பேர், அடுத்த ஆட்டத்துக்குக் காத்திருக்கும் அணி, ஒரு சங்கப் பொறுப்பாளர். அதைப் படம் பிடித்துப் போட்டு 'கால்பந்து செத்துவிட்டது' என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது.

மக்கள் எதற்காக ஆட்டம் பார்க்க வருகிறார்கள்?

நம் பகுதியில் முதல் காரணம், ஆடுகிறவனைத் தெரியும் என்பது. அவன் பக்கத்துத் தெருப் பையன், அக்கா மகன், கூடப் படித்தவன். இரண்டாவது காரணம், மைதானம் நடந்து போகும் தூரத்தில் இருப்பது. ஆட்டத்தின் தரம் மூன்றாவதாகத்தான் வரும். குழு நடத்துகிறவர்கள் இந்த வரிசையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, வெளியூரிலிருந்து நல்ல ஸ்ட்ரைக்கரைக் கொண்டுவந்தால் கூட்டம் தானாக வரும் என்று நம்புகிறார்கள். வரும், ஒரு நாள் வேடிக்கை பார்க்க.

வியாசர்பாடியில் வளர்ந்த தனபால் கணேஷ், 2018 மார்ச் 13 அன்று இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) அரையிறுதியில் கோவா அணிக்கு எதிராகச் சென்னையின் எஃப்சிக்காக ஒரு கோல் அடித்தார். மூன்றுக்குப் பூஜ்யம் என்று வென்ற அந்த ஆட்டத்தின் மற்ற இரண்டு கோல்களும் இந்திய அணி ஸ்ட்ரைக்கர் ஜெஜே அடித்தவை. நாட்டுக்கு ஜெஜே பெரிய பெயர். வியாசர்பாடிக்காரரைக் கேட்டால் அந்த இரவைப் பற்றி வேறு மாதிரிதான் சொல்வார்.

ஆகவே அணியில் உள்ளூர்ப் பையன்கள் இருக்கட்டும். இருந்தால் மட்டும் போதாது, அவர்கள் களத்தில் இறங்குவதும் தெரிய வேண்டும். ஆட்டம் தொடங்கும் முன் மைக்கில் பெயரோடு தெருவையும் சேர்த்துச் சொல்லுங்கள். 'எண் எட்டு, சாஸ்திரி நகர்' என்றதும் ஒரு மூலையிலிருந்து விசில் கிளம்பும். செலவில்லாத விளம்பரம் இதுபோல் வேறில்லை.

புதியவர்களை இழுப்பதா, வந்தவர்களைத் தக்கவைப்பதா? எதில் முதலில் கவனம் வைக்க வேண்டும்?

வந்தவர்களைத் தக்கவைப்பதில்தான். இந்தப் பக்கத்தில் நீங்கள் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

2018 ஜூனில் மும்பையில் நான்கு நாடுகள் போட்டி நடந்தது. இந்தியா சீனத் தைபேயை ஐந்து கோல் வித்தியாசத்தில் வென்ற முதல் ஆட்டத்துக்கு வந்தவர்கள் 2,569 பேர். இந்திய அணித் தலைவர் சுனில் சேத்ரி ஒரு காணொளியில், 'திட்டுங்கள், விமர்சியுங்கள், ஆனால் மைதானத்துக்கு வாருங்கள்' என்ற பொருளில் கைகூப்பிக் கேட்டார். அடுத்து, கென்யாவுடனான ஆட்டத்துக்கு எல்லா டிக்கெட்டும் விற்றுத் தீர்ந்தது. கொட்டும் மழையில் அரங்கம் நிறைந்தது. அது அவருடைய நூறாவது சர்வதேச ஆட்டம். அழகான கதைதான், மறுக்கவில்லை. ஆனால் கைகூப்பிக் கேட்பதை வாரா வாரம் செய்ய முடியுமா? அழைப்பு ஒரு முறை வேலை செய்யும். இரண்டாம் முறை வருவதற்கு, முதல் முறை வந்தபோது என்ன நடந்தது என்பதுதான் காரணமாக இருக்கும்.

நம் குழுக்கள் செய்வது என்ன? இறுதி ஆட்டத்துக்கு ஒரு நடிகரையோ அரசியல் பிரமுகரையோ கூப்பிடுவது, பேனர் அடிப்பது, பட்டாசு வெடிப்பது. பிரமுகர் ஒன்றரை மணி நேரம் தாமதமாக வருகிறார். அதுவரை வீரர்கள் வெயிலில் வரிசையாக நிற்கிறார்கள். வந்ததும் சால்வை, உரை, புகைப்படம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்த ஒரு குடும்பம் இருட்டும் நேரத்தில்தான் முதல் விசிலைக் கேட்கிறது. அந்தக் குடும்பம் மறுபடியும் வருமா? பேனருக்குச் செலவழித்த பணத்தில் குடிநீர்க் கேனும் நாற்காலியும் வாடகைக்கு எடுத்திருந்தால் ஒருவேளை வந்திருக்கும்.

ஆட்டத்தை எந்த நாளில், எந்த நேரத்தில் வைப்பது?

ஞாயிறு மாலை நாலரை மணி. கோடையில் ஐந்து. எந்த நேரம் வைத்தாலும் அதை மாற்றாதீர்கள் என்பதுதான் முக்கியம். 'ஞாயிறு நாலரை என்றால் அங்கே ஆட்டம்' என்று ஒருவர் யாரிடமும் கேட்காமல் கிளம்பி வரும் நிலை ஏற்பட வேண்டும். பெரிய இடங்களிலேயே இது சறுக்குகிறது. 2025இல் ஐஎஸ்எல் பருவமே குறித்த காலத்தில் தொடங்காமல் தள்ளிப்போனது. எப்போது ஆட்டம் என்று தெரியாத ரசிகர் அந்த மாலைகளுக்கு வேறு வேலை கண்டுபிடித்துவிடுவார். திரும்பக் கூப்பிடும்போது அவர் அங்கே இருக்க மாட்டார்.

நாள்காட்டியை எடுத்து வைத்துக்கொண்டு நம் ஊரின் வருடத்தைக் குறித்துப் பாருங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. நம் மைதானங்களில் பாதி குளமாகிவிடும். நவம்பரில் போட்டித் தொடர் அறிவிக்கும் துணிச்சலுக்கு என் வணக்கம். மார்ச்சில் பொதுத்தேர்வு, பிள்ளைகளை வீட்டில் விட மாட்டார்கள். ஏப்ரல், மே மாலைகளில் ஐபிஎல். ஏழரை மணிக்குள் ஆட்டத்தை முடித்து ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டால் சண்டை இல்லை. ஆடியில் ஞாயிறுதோறும் ஏதாவது ஓர் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுவார்கள். அந்தத் தெருவோடு போட்டி போடாதீர்கள், முடிந்தால் கோயில் குழுவோடு பேசி நாளை மாற்றிக்கொள்ளுங்கள். ரமலான் மாதத்தில் நோன்பு திறக்கும் நேரத்துக்கு முன்பே இறுதி விசில் ஊதிவிட வேண்டும், அல்லது இரவு விளக்கில் வைக்க வேண்டும்.

காசிமேடு, இராயபுரம், திருவொற்றியூர்க் கரையோரக் குழுக்களுக்கு ஒரு தனிக் கணக்கு இருக்கிறது. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், கடலுக்குப் போகிற ஆட்கள் வீட்டில் இருப்பார்கள். மற்ற மாதங்களில் கிடைக்காத பார்வையாளர்கள் அப்போது கிடைப்பார்கள். வேலை நாளில் ஆட்டம் வைத்தாலும் வருவார்கள். கையில் காசு புரளாத காலமும் அதுதான். அதனால் அந்த இரண்டு மாதமும் நுழைவுக் கட்டணம் கேட்காதீர்கள்.

டிக்கெட்டுக்குக் காசு வாங்கலாமா, இலவசமாக விடலாமா?

பெரிய அரங்கில் இலவசப் பாஸ்களை வாரி இறைப்பது எனக்குப் பிடிக்காது. முதல் வாரம் காசு கொடுத்து வாங்கியவர், இரண்டாம் வாரம் பக்கத்து இருக்கைக்காரர் இலவசமாக வந்ததைத் தெரிந்துகொள்வார். மூன்றாம் வாரம் அவரும் பாஸுக்காகக் காத்திருப்பார். இலவசத்தில் வந்தவருக்கோ மழை தூறினால் வராமல் இருப்பதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

விலையைக் குறைத்து, முன்கூட்டியே மொத்தமாக விற்பது வேறு விஷயம். இங்கிலாந்தின் பிராட்ஃபோர்ட் சிட்டி கழகம் 2007இல் லீக்கின் நான்காம் அடுக்குக்கு இறங்கியது. அணி இறங்கினால் கூட்டமும் இறங்கும் என்பது வழக்கம். அவர்கள் ஒரு பருவம் முழுவதுக்குமான டிக்கெட்டை 138 பவுண்டுக்கு விற்றார்கள்; பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வாங்கினார்கள். நான்காம் அடுக்கு அணிக்கு இது பெரிய எண். பருவ டிக்கெட் வாங்கியவர் ஒவ்வொரு வாரமும் 'போகலாமா, வேண்டாமா' என்று யோசிப்பதில்லை. காசு கொடுத்தாயிற்று, போகிறார். போகப் போக அது பழக்கமாகிவிடுகிறது. இங்கிலாந்தின் முதல் அடுக்கான பிரீமியர் லீக் 2016–17 பருவத்திலிருந்து வெளியூர் ரசிகர்களுக்கான டிக்கெட் 30 பவுண்டைத் தாண்டக் கூடாது என்று வரம்பு வைத்ததும் இதே காரணத்தால்தான்; சத்தம் போட்டு ஆட்டத்துக்கு உயிர் கொடுப்பவர்கள் விலை தாங்காமல் நின்றுவிட்டால் தொலைக்காட்சியில் பார்ப்பவருக்கும் ஆட்டம் சப்பென்று ஆகிவிடும்.

நம் அளவுக்கு வருவோம். திறந்த மைதானத்தில் வேலி இல்லை, கதவு இல்லை. டிக்கெட் என்ற பேச்சே சிரிப்புக்கிடம். அங்கே நாற்காலிக்குக் காசு வாங்குங்கள். நிற்பவர்களுக்கு இலவசம், பந்தல் நிழலில் உட்கார்ந்தால் இருபது ரூபாய். பருவம் முழுவதற்கும் இருநூறு ரூபாய்க்கு ஓர் அட்டை கொடுத்து, அட்டை வாங்கியவரின் பெயரை நாற்காலியில் ஒட்டிவிடுங்கள். தன் பெயர் ஒட்டிய நாற்காலி காலியாகக் கிடப்பதைப் பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துவிடுவாரே என்பதற்காகவே ஒருவர் வருவார். பள்ளிப் பிள்ளைகளிடம் ஒருபோதும் காசு வாங்காதீர்கள்.

நேரு ஸ்டேடியத்தில் ஆட்டம் என்றால் எங்கள் பகுதி மக்கள் வருவதில்லை. தூரம்தான் காரணமா?

தூரம் என்று சொல்ல முடியாது. வியாசர்பாடி ஜீவா நிலையத்தில் மின்சார ரயில் ஏறினால் அடுத்தது பேசின் பிரிட்ஜ், அதற்கடுத்தது சென்ட்ரல். அங்கிருந்து ஸ்டேடியம் இருக்கும் பெரியமேடு நடை தூரம். திருவொற்றியூர்ப் பக்கத்துக்கு 2021 பிப்ரவரியிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ ஓடுகிறது. அதுவும் சென்ட்ரலில் இறக்கிவிடும்.

போவது எளிது, திரும்புவதுதான் கஷ்டம். இரவு ஏழரைக்குத் தொடங்கும் ஆட்டம் ஒன்பதரைக்கு முடியும். கைக்குழந்தையோடு வந்தவர், மறுநாள் காலை ஐந்து மணி ஷிப்டுக்குப் போக வேண்டியவர், எழுபதாவது நிமிடத்திலேயே கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்குவார். 2023இல் சேப்பாக்கம் ஐபிஎல் ஆட்ட டிக்கெட் வைத்திருந்தவர்களுக்கு மெட்ரோவில் இலவசப் பயணம் என்று ஏற்பாடு செய்தார்கள். கிரிக்கெட்டுக்குச் செய்ததைக் கால்பந்துக்கும் கேட்டு வாங்க வேண்டியது கழகங்களின் வேலை.

இன்னொரு விஷயம், கண் பழக்கம். நேரு ஸ்டேடியத்தில் களத்துக்கும் கேலரிக்கும் நடுவே ஓடுதளம் இருக்கிறது. கோட்டோரம் நின்று, விங்கர் மூச்சு வாங்குவதைக் கேட்டுப் பழகியவருக்கு அங்கே வீரர்கள் எறும்புகளாகத் தெரிகிறார்கள். வாசலில் தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கி, பையைக் கிளறி, சட்டைப் பையிலுள்ள சில்லறையையும் போடச் சொன்னால் அவமானமாகவும் இருக்கிறது. பாதுகாப்புக்கு விதி வேண்டும்தான். சொல்கிற விதத்தில் மரியாதையும் வேண்டும். உள்ளே குடிநீர் இலவசமாக இருந்தால் பாட்டிலைப் பிடுங்குவதில் யாரும் கோபப்பட மாட்டார்கள்.

ஓர் ஏற்பாடு பலிக்கும்: பகுதிக் குழுக்கள் ஐம்பது ஐம்பது பேராகச் சேர்ந்து போவது. ரயில் நிலையத்தில் கூடி, ஒன்றாக ஏறி, ஒன்றாக ஒரே கேலரியில் உட்கார்ந்து, ஒன்றாகத் திரும்புவது. பிள்ளைகளைத் தனியாக அனுப்பத் தயங்கும் அம்மாக்கள் இதற்குச் சரி என்பார்கள்.

நிறுவன அணிகள் நன்றாக ஆடுகின்றன. அவற்றுக்கு ஏன் ரசிகர் கூட்டம் சேர்வதில்லை?

ஐசிஎஃப், சதர்ன் ரயில்வே, இந்தியன் வங்கி போன்ற அணிகள் பல தலைமுறை வீரர்களுக்கு வேலையும் சோறும் கொடுத்தவை. அந்த நன்றியை மறக்கக் கூடாது. பெரம்பூர்ப் பக்கத்தில் கால்பந்தால் ரயில்வே வேலை கிடைத்து வீடு கட்டிய குடும்பங்கள் உண்டு. ஆனால் ஒரு வங்கியின் பெயரைச் சொல்லி எந்தத் தெரு கத்தும்? அலுவலகத்துக்கு ஊழியர் இருப்பார், வாடிக்கையாளர் இருப்பார். ரசிகர் இருப்பது ஊருக்குத்தான்.

ஜப்பான் இந்த முடிச்சை அவிழ்த்த விதம் நமக்குப் பாடம். 1965 முதல் அங்கே நடந்த லீக்கில் ஆடியவை பெரும்பாலும் கம்பெனி அணிகள். 1993இல் ஜே லீக் தொடங்கியபோது, கழகத்தின் பெயரில் ஊர் இருக்க வேண்டும், அந்த ஊரோடு உறவு இருக்க வேண்டும் என்று வற்புறுத்தினார்கள். மிட்சுபிஷி அணி உராவா ரெட்ஸ் ஆயிற்று. மட்சுஷிதா அணி காம்பா ஒசாகா ஆயிற்று. கம்பெனி பணம் போடுவதை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. பெயரை மட்டும் ஊருக்கு விட்டுக்கொடுக்கச் சொன்னார்கள். உராவா இன்று ஜப்பானிலேயே மிகுந்த கூட்டம் சேர்க்கும் கழகங்களில் ஒன்று. நம் நிறுவன அணி ஒன்று ஜெர்சியில் 'பெரம்பூர்' என்று போட்டுக்கொண்டு, மாதம் ஒரு முறை பகுதிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்தால் என்ன ஆகும் என்று பார்க்க எனக்கு ஆசை.

பெண்கள் ஆட்டம் பார்க்க வர என்ன செய்ய வேண்டும்?

கழிப்பறை. இதைச் செய்யாமல் மற்ற எதைச் செய்தும் பயனில்லை. மைதானத்தில் இல்லையென்றால் பக்கத்துப் பள்ளியிலோ சமுதாய நலக்கூடத்திலோ பேசி, ஆட்ட நேரத்துக்குத் திறந்து வையுங்கள். சாவி ஒரு பெண்ணிடம் இருக்கட்டும்.

அடுத்தது, ஆட்டத்துக்கு முன்னால் பெண்கள் ஆட்டம் ஒன்று. மகள் ஆடினால் அம்மா, அத்தை, பாட்டி எல்லாரும் வருவார்கள். வந்தவர்கள் அடுத்த ஆட்டத்தையும் பார்ப்பார்கள். மதுரையின் சேது எஃப்சி 2018–19இல் இந்தியப் பெண்கள் லீக்கை வென்றது. தமிழ்நாட்டுப் பெண்களால் முடியுமா என்ற கேள்விக்கெல்லாம் அப்போதே பதில் கிடைத்துவிட்டது. 2021 முதல் சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதால் பயணச் செலவும் பெரிய தடையாக இல்லை. கெட்ட வார்த்தைதான் பெரிய தடை. கேலரியில் நாலு பேர் வாய்க்கு வந்தபடி பேசும்போது மைக் பிடித்திருப்பவர் பேசாமல் இருந்தால், அந்தக் குடும்பத்துக்கு அதுவே கடைசி ஆட்டம்.

ரசிகர் மன்றம் மாதிரி ஒன்றைக் குழுவே தொடங்கலாமா?

வேண்டாம். குழு தொடங்கும் ரசிகர் மன்றம் குழுவுக்கு ஜால்ரா போடும், தோற்றால் கலைந்துவிடும். பெங்களூருவின் வெஸ்ட் பிளாக் புளூஸ், கேரளத்தின் மஞ்சப்படை, நம் சென்னையின் எஃப்சிக்கு உள்ள பி ஸ்டாண்ட் புளூஸ், சூப்பர்மச்சான்ஸ் எல்லாம் ரசிகர்களாகவே சேர்ந்து உண்டாக்கிக்கொண்டவை. நிர்வாகம் தவறு செய்தால் நிர்வாகத்தையும் கேட்பார்கள். கேட்கட்டும். கேள்வி கேட்கும் ரசிகர் எங்கும் போய்விட மாட்டார். கேட்பதை நிறுத்தியவர்தான் போகத் தயாராகிவிட்டார்.

குழு செய்ய வேண்டியது இடம் கொடுப்பது. ஒரு மூலையை அவர்களுக்கு ஒதுக்குங்கள், பறையையும் டிரம்ஸையும் உள்ளே விடுங்கள், கொடி கட்டக் கம்பம் கொடுங்கள். ஜெர்மனியின் டார்ட்மண்ட் கழக அரங்கில் தெற்குக் கேலரியில் சுமார் 25,000 பேர் நின்றுகொண்டே ஆட்டம் பார்க்கிறார்கள். அந்தச் சத்தத்துக்காகவே வேறு நாடுகளிலிருந்து பயணம் போகிறவர்கள் இருக்கிறார்கள். நமக்குச் சத்தத்துக்கா பஞ்சம்? கானா பிறந்த மண் இது. ஐரோப்பியப் பாட்டின் மெட்டில் புரியாத வரிகளைப் பாடுவதைவிட, நம் கோல்கீப்பர் பிடித்த பெனால்டியைப் பற்றி நம் பையன்கள் கட்டிய கானா பத்து மடங்கு பலமாக ஒலிக்கும். எதிரணியைச் சீண்டலாம். சாதியை இழுக்காமல், வீட்டுப் பெண்களை இழுக்காமல் சீண்டத் தெரிந்தவனே நல்ல பாட்டுக்காரன்.

பகுதிக்குப் பகுதி சண்டை வந்துவிடாதா?

வட சென்னை என்றாலே கத்தியும் சண்டையும் என்று படம் பார்த்துப் படித்துக்கொண்டவர்கள் கேட்கும் கேள்வி இது என்றாலும், நிர்வாகிகளுக்கும் இந்தப் பயம் உண்டு என்பதால் பதில் சொல்கிறேன். போட்டி உணர்ச்சி இல்லாமல் கூட்டம் இல்லை. சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று குத்துச்சண்டைப் பரம்பரைகள் இந்தப் பகுதியில் மோதிய காலத்தில், அப்பன் எந்தப் பரம்பரையோ மகனும் அதே பரம்பரை என்று கூட்டம் திரண்டது. அந்த விசுவாசம்தான் நமக்கு வேண்டியது.

சண்டை பெரும்பாலும் தொடங்குவது ரெஃப்ரியின் முடிவில். பகுதி ஆளையே ரெஃப்ரியாகப் போட்டால் வம்பை விலைக்கு வாங்குகிறீர்கள். சங்கத்தில் பதிவுபெற்ற வெளி ரெஃப்ரிக்குச் சம்பளம் கொடுங்கள். மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் அது அல்ல. இரு அணி ரசிகர்களும் வேறு வேறு பக்கமாக வரட்டும், போகட்டும். இரு பகுதியின் பழைய வீரர்களில் மதிப்புள்ள இரண்டு மூன்று பேரை முன் வரிசையில் உட்கார வையுங்கள். 'டேய், உட்காருடா' என்று ஓர் அண்ணன் சொன்னால் உட்காருகிற பையன்கள்தான் இவர்கள். குடித்துவிட்டு வந்தவரை வாசலிலேயே, சத்தமில்லாமல், திருப்பி அனுப்பிவிடுங்கள்.

தற்காலிகக் கேலரி போட்டால் கூட்டம் அதிகமாகுமே?

ஆகும், ஆபத்தும் அதிகமாகும். 2022 மார்ச்சில் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் ஒரு செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடும்) ஆட்டத்தின்போது மூங்கிலும் பலகையும் கொண்டு கட்டிய கேலரி சரிந்து ஏராளமானோர் காயமடைந்தார்கள். பொறியாளரின் சான்றும் காவல் துறை அனுமதியும் இல்லாமல் கேலரி எழுப்பாதீர்கள். தரையில் நாற்காலி, அதற்குப் பின்னால் நிற்க இடம். போதும்.

ஐரோப்பிய ஆட்டங்களைக் கைப்பேசியில் பார்க்கிறவர்கள் உள்ளூர் ஆட்டத்துக்கு வருவார்களா?

வருவார்கள். செல்சி ஜெர்சி போட்ட பையனை விரோதியாகப் பார்க்காதீர்கள். அவன் ஏற்கெனவே பாதி வழி வந்துவிட்டவன். இங்கிலாந்து ஆட்டங்கள் நமக்கு மாலையிலும் இரவிலும் வருகின்றன. உங்கள் ஆட்டத்தை ஆறரைக்கு முடித்து, அதே மைதானத்தில் திரை கட்டிப் பெரிய ஆட்டத்தைக் காட்டினால் இரண்டுக்கும் ஒரே கூட்டம். ஒளிபரப்பு உரிமையை மட்டும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டுக் கடை வைக்கலாமா?

கட்டாயம். வெளியாளுக்குக் குத்தகை விடாமல், பகுதியில் அடுப்பு வைத்திருப்பவர்களையே கூப்பிடுங்கள். அத்தோ (பர்மா நூடுல்ஸ்), சுண்டல், வறுத்த மீன், பன்னீர் சோடா. கடைக்காரரின் குடும்பமும் உங்கள் ரசிகர் கணக்கில் சேரும். தெருவில் விற்கும் விலையைவிட ஒரு ரூபாயும் கூடக் கூடாது.

சமூக வலைத்தளத்துக்கு எவ்வளவு செலவிடலாம்?

ஒரு பையனின் மாலை நேரம் போதும். ஆட்டம் எப்போது, எங்கே, யாரோடு, முடிவு என்ன. இந்த நாலும் தவறாமல் வாட்ஸப்பில் வந்தால் மற்ற வித்தைகள் வேண்டாம். ஆட்டம் ரத்தானால் அதை முதலில் சொல்லுங்கள். வெயிலில் வந்து பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பியவர் அதை வருடக்கணக்கில் சொல்லிக்கொண்டிருப்பார். கைப்பேசி பார்க்காத பெரியவர்களுக்குச் சுவரொட்டியும் டீக்கடைக் கரும்பலகையும் இன்னும் வேலை செய்கின்றன.

தொடர்ந்து தோற்றால் கூட்டத்தை எப்படித் தக்கவைப்பது?

தோல்வியைவிட ஆள் மாற்றம்தான் கூட்டத்தைக் கலைக்கிறது. ஒவ்வொரு பருவமும் புது முகங்கள் என்றால் ரசிகர் யாரோடு ஒட்டிக்கொள்வார்?

லண்டனில் விம்பிள்டன் கழகத்தை வேறு ஊருக்குக் கொண்டுபோக 2002இல் அனுமதி கொடுத்தார்கள். ரசிகர்கள் தாங்களே ஏஎஃப்சி விம்பிள்டன் என்று புதுக் கழகம் தொடங்கி, ஒன்பதாம் அடுக்கில் போய் ஆடினார்கள். பழைய அணி இருந்த உயரம் எங்கே, இது எங்கே! இருந்தும் கூட்டம் வந்தது. ஒன்பது பருவங்களில் ஐந்து முறை மேலேறி 2011இல் தொழில்முறை லீக்குக்குள் நுழைந்தார்கள். வெற்றி பின்னால்தான் வந்தது.

ரசிகர்களை நிர்வாகத்தில் சேர்க்கலாமா?

சேர்க்கலாம், சிறிய அளவில். ஜெர்மனியில் சில விதிவிலக்குகள் தவிர, கழகத்தின் ஓட்டுரிமையில் பாதிக்கு மேல் உறுப்பினர்களிடம் இருக்க வேண்டும் என்பது விதி. நம் குழுக்களில் தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் ஒரே வீட்டில் சாப்பிடுகிறவர்களாக இருப்பது வழக்கம். பருவ அட்டை வாங்கியவர்களில் ஒருவரைச் செயற்குழுவில் உட்கார வையுங்கள். வரவு செலவை ஆண்டுக்கு ஒரு முறை மைதானச் சுவரில் ஒட்டுங்கள். நன்கொடை கொடுத்தவர் அதைப் படிப்பார். கொடுக்காதவர் அதைவிடக் கவனமாகப் படிப்பார்.

எத்தனை பேர் வந்தால் வெற்றி என்று சொல்லலாம்?

1997 ஜூலை 13 அன்று கொல்கத்தா சால்ட் லேக் அரங்கில் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் ஆடிய அரையிறுதிக்கு 1,31,781 பேர் வந்தார்கள். அதை நினைத்து ஏங்குவதில் பயனில்லை. உங்கள் கணக்கு வேறு. ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, ஒவ்வோர் ஆட்டத்திலும் மூன்று எண்களை எழுதுங்கள்: முதல் விசிலின்போது எத்தனை பேர், இடைவேளை முடிந்து எத்தனை பேர், கடைசி விசிலின்போது எத்தனை பேர். முதல் எண் உங்கள் சுவரொட்டியைப் பற்றிச் சொல்லும். மூன்றாவது எண் உங்கள் ஆட்டத்தையும் உங்கள் ஏற்பாட்டையும் பற்றிச் சொல்லும். இடைவேளையில் ஆட்கள் குறைந்தால் நிழலையும் தண்ணீரையும் கழிப்பறையையும் கவனியுங்கள். கடைசிப் பத்து நிமிடத்தில் குறைந்தால் பேருந்து நேரத்தைப் பாருங்கள். இரண்டு ஆட்டமாக வராத பருவ அட்டைக்காரரின் வீடு தெரிந்திருக்கும். திங்கட்கிழமை மாலை போய், ஏன் வரவில்லை என்று நேரில் கேளுங்கள். பதிலை அதே நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.